கணக்கைக் காக்கும் கணக்கு



சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை, படிவம் 4 மாணவி ஒருத்தி அறிவியல் கூடத்தில் என் மேசைக்கு அருகில் வந்து நின்றாள். கண்கள் சிவந்திருந்தன. "சார், என் வாட்ஸ்அப் போயிடுச்சு சார். நான் எந்த லிங்க்கையும் தொடவே இல்ல சார்" என்றாள்.

நடந்தது இதுதான். ஞாயிறு மாலை, வகுப்புத் தோழி ஒருத்தியின் எண்ணிலிருந்து அவளுக்கு ஒரு செய்தி வந்தது. "என்னோட ஆறு இலக்க எண் தவறிப் போய் உன் கைப்பேசிக்கு வந்திடுச்சு. கொஞ்சம் அனுப்பேன், அவசரம்." பார்த்தால், குறுஞ்செய்தியில் உண்மையாகவே ஓர் எண் வந்திருந்தது. தோழிதானே கேட்கிறாள் என்று அனுப்பிவிட்டாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அவளுடைய வாட்ஸ்அப் கணக்கு அவளையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டது. கேட்டது தோழி அல்ல. தோழியின் கணக்கை அதற்கு முன்பே பறித்துக்கொண்ட ஒரு திருடன்.

அன்றிரவு அவளுடைய பெயரிலும் படத்திலும் உறவினர்களுக்குச் செய்தி போனது: "அவசரமாகப் பணம் வேண்டும், நாளை திருப்பித் தருகிறேன்." அவளுடைய சித்தி 500 ரிங்கிட் அனுப்பிவிட்டார்.

இந்த நிகழ்வில் ஒரு கணிதம் ஒளிந்திருக்கிறது. ஆறு இலக்க எண் என்றால் 000000 முதல் 999999 வரை, மொத்தம் 10 லட்சம் வாய்ப்புகள். ஒரே தடவையில் சரியாக ஊகிப்பதற்கான நிகழ்தகவு 10 லட்சத்தில் ஒன்று. சில முறை தவறினால் வாட்ஸ்அப் பூட்டிக்கொள்ளும். ஆகவே திருடன் ஊகிக்கவில்லை. கேட்டான், கிடைத்தது.

இணையப் பாதுகாப்பில் நீங்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். திருடன் எப்போதும் செலவு குறைந்த வழியைத் தேடுவான். நம்முடைய வேலை, அவனுக்கு மலிவாக இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக அடைப்பது. அவன் வழிகள் என்னென்ன, அவை எப்படி இயங்குகின்றன என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

கடவுச்சொல் எங்கே இருக்கிறது?

கணினியில் கடவுச்சொல்லைப் பயன்படுத்திய முன்னோடிகளில் ஒருவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஃபெர்னாண்டோ கோர்பட்டோ. 1961இல் அவருடைய குழு, ஒரே பெரிய கணினியைப் பலரும் பகிர்ந்து பயன்படுத்தும் முறையை அமைத்தது. ஒருவர் கோப்பை இன்னொருவர் பார்க்காதிருக்க ஆளுக்கொரு கடவுச்சொல் தரப்பட்டது.

அடுத்த ஆண்டே அது உடைந்தது. ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவருக்கு, தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதவில்லை. கடவுச்சொற்கள் எல்லாம் ஒரே கோப்பில் அப்படியே எழுதப்பட்டிருந்தன. அந்தக் கோப்பை அச்சிடும்படி கணினிக்குக் கட்டளை கொடுத்தார்; பட்டியல் முழுவதும் தாளில் வந்து விழுந்தது. அவர் எதையும் ஊகிக்கவில்லை. பட்டியல் இருந்த இடத்தைக் கண்டுபிடித்தார், அவ்வளவுதான்.

அதிலிருந்து அறிவியலாளர்கள் கற்ற பாடம்: கடவுச்சொல்லை அப்படியே சேமிக்கக்கூடாது. இன்று ஒழுங்காக நடத்தப்படும் இணையத்தளங்கள் உங்கள் கடவுச்சொல்லைச் சேமிப்பதில்லை. அதை 'ஹாஷ்' என்னும் கணிதச் செயல்முறையில் போட்டு, வெளியே வரும் நீண்ட குறியீட்டை மட்டும் வைத்துக்கொள்கின்றன.

ஹாஷ் என்பது மாவு அரைப்பது போன்றது. அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து அரைத்தால் தோசை மாவு கிடைக்கும். ஆனால் மாவிலிருந்து மறுபடி அரிசியை எடுக்க முடியாது. அது ஒருவழிப் பாதை. நீங்கள் உள்நுழையும்போது, தட்டிய சொல்லைத் தளம் மீண்டும் அரைக்கிறது. வந்த மாவும் இருப்பில் உள்ள மாவும் ஒன்றாக இருந்தால் கதவு திறக்கும்.

இதில் இன்னொரு சிறப்பும் உண்டு. உங்களுக்கும் உங்கள் நண்பருக்கும் ஒரே கடவுச்சொல் என்று வைத்துக்கொள்வோம். இருவர் மாவும் ஒன்றாக இருந்தால் ஒன்றைக் கண்டுபிடித்தவன் இரண்டையும் கண்டுபிடித்துவிடுவான். ஆகவே அரைப்பதற்கு முன் ஒவ்வொருவர் சொல்லோடும் வெவ்வேறு எழுத்துகளைக் கலக்கிறார்கள். அப்படிக் கலப்பதற்குத் துறையில் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? உப்பு! நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அதுதான் கணினித் துறையின் உண்மையான கலைச்சொல்.

எல்லாத் தளங்களும் இப்படிப் பொறுப்பாக இருப்பதில்லை. 2009 டிசம்பரில் 'ராக்யூ' என்னும் அமெரிக்க நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் திருடப்பட்டன. அவை அரைக்கப்படாமல் அப்படியே இருந்தன. அந்தப் பட்டியலில் அதிகம் பேர் வைத்திருந்த கடவுச்சொல் '123456'. ஏறக்குறைய 2 லட்சத்து 90 ஆயிரம் பேர் அதையே வைத்திருந்தார்கள். அந்தப் பட்டியல் இன்றும் இணையத்தில் உலவுகிறது. திருடர்கள் முதலில் முயன்று பார்ப்பது இத்தகைய பட்டியல்களில் உள்ள சொற்களைத்தான்.

நீளமா, குழப்பமா?

இப்போது திருடனிடம் ஒரு தளத்தின் 'மாவுப் பட்டியல்' சிக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவன் என்ன செய்வான்? ஒரு சொல்லை ஊகிப்பான், அதை அரைப்பான், வரும் மாவைப் பட்டியலோடு ஒப்பிடுவான். பொருந்தாவிட்டால் அடுத்த சொல். தன் வீட்டுக் கணினியிலேயே செய்வதால் "மூன்று முறைதான் முயலலாம்" என்று தடுக்க யாரும் இல்லை.

அவனுடைய வேகத்தை விநாடிக்கு 1,000 கோடி ஊகங்கள் என்று எடுத்துக்கொள்வோம். மிகைப்படுத்தவில்லை, விளையாட்டுக் கணினிகளில் பொருத்தும் ஆற்றல் மிக்க வரைகலை அட்டைகள், எளிய ஹாஷ் முறைகளில் இந்த வேகத்தைத் தாண்டக்கூடியவை.

கடவுச்சொல்லில் எத்தனை வாய்ப்புகள் என்பதைக் கணக்கிடும் வாய்பாடு உங்களுக்குத் தெரிந்ததுதான். ஓர் இடத்தில் வரக்கூடிய எழுத்துகளின் எண்ணிக்கையை, கடவுச்சொல்லின் நீளத்திற்கு அடுக்காக உயர்த்த வேண்டும். கணிப்பொறியை எடுத்து என்னோடு சேர்ந்து போட்டுப் பாருங்கள்.

முதலில், 8 இலக்க எண். 10இன் 8ஆம் அடுக்கு, அதாவது 10 கோடி. திருடனுக்குத் தேவை ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்கு நேரம். அந்த 8 இலக்கம் உங்கள் பிறந்த தேதி என்றால் நிலைமை இன்னும் மோசம். 100 ஆண்டுகளில் உள்ள நாள்கள் ஏறக்குறைய 36,500தான்.

இரண்டாவது, 8 சிறிய ஆங்கில எழுத்துகள். 26இன் 8ஆம் அடுக்கு, ஏறத்தாழ 20,900 கோடி. பெரிய எண்போல் தெரிகிறது. திருடனுக்கு 21 விநாடி போதும்.

மூன்றாவது, பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், சிறப்புக் குறி எல்லாம் கலந்த 8 இடங்கள். விசைப்பலகையில் மொத்தம் 94 குறிகள். 94இன் 8ஆம் அடுக்கைக் கணக்கிட்டால் 7 நாள் ஆகும். பரவாயில்லை, ஆனால் ஒரு வாரம்தான்.

நான்காவது, வெறும் சிறிய எழுத்துகள், ஆனால் 12 இடங்கள். 110 நாள்.

ஐந்தாவது, அதே சிறிய எழுத்துகள், 16 இடங்கள். விடை ஏறக்குறைய 1 லட்சத்து 38 ஆயிரம் ஆண்டுகள்!

வித்தியாசம் தெரிகிறதா? குறிகளைக் கலந்து தலையைக் குழப்பிக்கொள்வதைவிட, நீளத்தைக் கூட்டுவது பல மடங்கு பயன் தருகிறது. ஒவ்வோர் எழுத்தும் கூடும்போது திருடனின் வேலை 26 மடங்கு பெருகுகிறது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மேலே நாம் போட்ட கணக்கெல்லாம், எழுத்துகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் தேர்ந்தெடுக்கப்பட்டால் மட்டுமே பொருந்தும். உங்கள் பெயரோடு பிறந்த ஆண்டைச் சேர்த்தால் நீளம் இருக்கும், பாதுகாப்பு இருக்காது. 'ஏ' எழுத்துக்குப் பதில் '@', 'ஓ' எழுத்துக்குப் பதில் சுழியம் போடும் தந்திரமும் திருடர்களுக்குப் பழைய செய்தி. அவர்களுடைய மென்பொருள் அதைத்தான் முதலில் முயலும்.

அப்படியானால் நீளமாகவும் இருக்க வேண்டும், ஒழுங்கற்றும் இருக்க வேண்டும், மறக்காமலும் இருக்க வேண்டும். என்ன வழி? ஆர்னால்ட் ரெயின்ஹோல்ட் என்பவர் 1995இல் ஓர் எளிய வழி சொன்னார். அதன் பெயர் 'டைஸ்வேர்'. 7,776 சொற்கள் கொண்ட ஒரு பட்டியல். தாயக்கட்டையைப் போன்ற ஆறு முகப் பகடையை ஐந்து முறை உருட்டினால் ஐந்து இலக்க எண் ஒன்று கிடைக்கும். அந்த எண்ணுக்கு நேரே உள்ள சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். 6இன் 5ஆம் அடுக்கு 7,776 என்பதைக் கவனித்தீர்களா? அதனால்தான் அத்தனை சொற்கள். இப்படி ஆறு சொற்களைச் சேர்த்தால், நம் திருடனுக்கு ஏறக்குறைய 7 லட்சம் ஆண்டுகள் பிடிக்கும்.

எடுத்துக்காட்டு: 'குடை ஆமை நெம்புகோல் பலாப்பழம் சனிக்கோள் தையல்'. குடை பிடித்த ஆமை ஒன்று நெம்புகோலால் பலாப்பழத்தைத் தள்ளிக்கொண்டு சனிக்கோளுக்குப் போய்த் தையல் கற்கிறது என்று மனத்தில் ஒரு படம் வரைந்துகொண்டால் மறக்கவே மறக்காது. (இதையே யாரும் வைத்துக்கொள்ளாதீர்கள். நாளிதழில் வந்த கடவுச்சொல் இனி கடவுச்சொல் அல்ல!)

சொற்களை மூளை தேர்ந்தெடுக்கக்கூடாது, பகடைதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். நாமாக எடுத்தால் பிடித்த நடிகர், பிடித்த காற்பந்துக் குழு என்றுதான் கை போகும்.

ஒரே சாவி, பத்துக் கதவு

உங்கள் கடவுச்சொல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதை எல்லா இடங்களிலும் பயன்படுத்தினால் பயனில்லை. என்றோ ஒரு விளையாட்டுத் தளத்தில் கணக்குத் தொடங்கி மறந்திருப்பீர்கள். அந்தத் தளம் கவனக்குறைவாக இருந்து பட்டியல் திருடு போனால், திருடன் உங்கள் மின்னஞ்சலையும் அதே கடவுச்சொல்லையும் எடுத்துக்கொண்டு மற்றத் தளங்களின் கதவுகளில் எல்லாம் தானியங்கியாக முயன்று பார்ப்பான். வீட்டுச் சாவி, மோட்டார்சைக்கிள் சாவி, பள்ளி லாக்கர் சாவி மூன்றும் ஒன்றே என்றால், ஒன்று தொலைந்தால் மூன்றும் தொலைந்தன.

உங்கள் மின்னஞ்சல் முகவரி இதுவரை ஏதேனும் கசிவில் சிக்கியிருக்கிறதா என்று அறிய 'ஹேவ் ஐ பீன் பௌண்ட்' என்ற தளம் உள்ளது. ஆஸ்திரேலியரான ட்ராய் ஹண்ட் 2013இல் அதைத் தொடங்கினார். மின்னஞ்சல் முகவரியை மட்டும் கொடுத்தால் போதும், எந்தக் கசிவில் அது இருந்தது என்று காட்டும்.

எல்லாக் கணக்குகளிலும் மிக முக்கியமானது மின்னஞ்சல் கணக்கு. ஏன்? மற்றக் கணக்குகளில் "கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்" என்று அழுத்தினால், புதிய சாவி எங்கே வருகிறது? மின்னஞ்சலுக்குத்தான். ஆகவே அதுதான் தாய்ச்சாவி. இன்று ஒரே ஒரு கணக்கைத்தான் சரிசெய்ய நேரம் இருக்கிறது என்றால், மின்னஞ்சலில் தொடங்குங்கள்.

பத்து, இருபது கடவுச்சொற்களை எப்படி நினைவில் வைப்பது? வைக்க வேண்டாம். கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் செயலிகள் இருக்கின்றன. அந்தப் பெட்டகத்துக்கு மட்டும் ஆறு சொல் கடவுச்சொல் ஒன்றை மனப்பாடம் செய்தால் போதும். அது முடியாவிட்டால் வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி அம்மாவின் அலமாரியில் வையுங்கள். கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் திருடனால் அந்த அலமாரியைத் திறக்க முடியாது. ஆனால் அதைக் கைப்பேசியின் பின்னுறையில் செருகி வைக்காதீர்கள். கைப்பேசி தொலைந்தால் அதுவும் சேர்ந்து போகும்.

"மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டாமா சார்?" என்று கேட்பீர்கள். முன்பு அப்படித்தான் சொல்லி வந்தார்கள். அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்பக் கழகம் 2017இல் அந்த அறிவுரையை மாற்றிக்கொண்டது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் பழைய சொல்லின் கடைசி எண்ணை மட்டும் மாற்றி ஒப்பேற்றுகிறார்கள். கசிந்ததாகத் தெரிந்தால் உடனே மாற்றுங்கள். இல்லையென்றால் நல்ல கடவுச்சொல் அப்படியே இருக்கட்டும்.

இரண்டாவது பூட்டு

கடவுச்சொல் என்பது உங்களுக்குத் தெரிந்த ஒன்று. அதோடு உங்களிடம் இருக்கும் ஒன்றையும் கேட்டால் திருடனின் செலவு கூடிவிடும். இதுவே இரண்டு படிச் சரிபார்ப்பு. வங்கியின் தானியங்கிப் பணப் பட்டுவாடா இயந்திரத்தில் அட்டையும் வேண்டும், இரகசிய எண்ணும் வேண்டும் அல்லவா, அதே கருத்து.

இதற்கான செயலியில் 30 விநாடிக்கு ஒருமுறை புது ஆறு இலக்க எண் தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சோதனை செய்யுங்கள். கைப்பேசியின் இணையத்தையும் தொலைபேசித் தொடர்பையும் துண்டித்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் எண் மாறிக்கொண்டே இருக்கும்! இணையம் இல்லாமல் எண் எங்கிருந்து வருகிறது?

எங்கிருந்தும் வருவதில்லை. முதல் நாள் நீங்கள் கட்டக் குறியீட்டை ஸ்கேன் செய்தபோது, ஓர் இரகசிய எண் உங்கள் கைப்பேசியிலும் தளத்திலும் ஒரே நேரத்தில் பதிந்துவிட்டது. அதன்பின் இரண்டும் அந்த இரகசியத்தையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து அரைக்கின்றன. மறுபடியும் நம் ஹாஷ் மாவுதான்! இரண்டு இடத்திலும் ஒரே பொருள், ஒரே நேரம், ஆகவே ஒரே விடை. ஒரே வாய்ப்பாட்டைப் படித்த இரு மாணவர்கள் தனித்தனி அறையில் இருந்தாலும் ஒரே விடையை எழுதுவதுபோல.

வாட்ஸ்அப்பில் முறை சற்று வேறு. அங்கே நீங்களே ஆறு இலக்க இரகசிய எண் ஒன்றை அமைத்துக்கொள்ளலாம். அமைப்புகளில் 'கணக்கு' பகுதிக்குச் சென்றால் இரண்டு படிச் சரிபார்ப்பு இருக்கும். என் மாணவி இதை முன்பே செய்திருந்தால், குறுஞ்செய்தியில் வந்த எண் மட்டும் திருடனுக்குப் போதுமானதாக இருந்திருக்காது.

கேட்டு வாங்கும் திருடன்

நீளமான கடவுச்சொல், தனித்தனிச் சாவிகள், இரண்டாவது பூட்டு. இவற்றையெல்லாம் செய்துவிட்டோம். ஊகிக்கும் வழி திருடனுக்கு மிகவும் செலவு பிடிப்பதாகிவிட்டது. இனி அவன் என்ன செய்வான்? உங்களிடமே கேட்பான்.

கேட்பதற்கு முன் உங்களைத் தெரிந்தவன்போல் காட்டிக்கொள்வான். பெயரையும் எண்ணையும் சரியாகச் சொல்கிறானே என்று மயங்காதீர்கள். 2017இல் நம் நாட்டில் 4 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கைப்பேசிப் பயனர் பதிவுகள் கசிந்தது வெளிச்சத்துக்கு வந்தது. நம் மக்கள்தொகையைவிட அதிகமான எண்ணிக்கை அது! பெயரும் எண்ணும் தெரிந்திருப்பது இன்று எதற்கும் சான்றாகாது.

அவன் அனுப்பும் இணைப்பை எப்படிப் படிப்பது? முகவரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டுகிறேன். 'என்வங்கி.காம்' என்பது உங்கள் வங்கியின் தளம் என்று கொள்வோம். உங்களுக்கு வந்திருப்பது 'என்வங்கி.காம்.பரிசுஉதவி.நெட்/உள்நுழை'. இது யாருடைய தளம்?

முதல் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதற்கு முன்னால் கடைசியாக உள்ள பகுதிதான் உரிமையாளரைச் சொல்லும். இங்கே அது 'பரிசுஉதவி.நெட்'. முன்னால் இருக்கும் 'என்வங்கி.காம்' வெறும் அலங்காரம். கோலாலம்பூரில் ஜாலான் ஈப்போ என்று ஒரு சாலை இருக்கிறது. பெயரில் ஈப்போ இருப்பதால் அது பேராக் மாநிலத்துக்குப் போய்விடுமா? வீட்டு முகவரியில் எந்த நகரம் என்பதைக் கடைசி வரிகளில் பார்ப்பதுபோல, இணைய முகவரியிலும் கடைசிப் பகுதியைப் பாருங்கள். சில முகவரிகள் '.காம்.மை' என்று இரண்டு துண்டாக முடியும். அப்போது அதற்கு முன்னால் ஒட்டியிருக்கும் பெயரையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இன்னொரு வகை, திருமண அழைப்பிதழ் என்று சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் கோப்பு. அதன் பெயர் 'ஏ.பி.கே.' என்று முடிந்தால் அது அழைப்பிதழ் அல்ல, ஆண்டிராய்டு கைப்பேசியில் நிறுவப்படும் செயலி. இப்படிப்பட்ட செயலிகள் உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். அனுமதித்துவிட்டால், வங்கி அனுப்பும் இரகசிய எண்ணைத் திருடன் உங்களுக்கு முன்பே படித்துவிடுவான். திருமண அழைப்பைப் படிக்க யாரும் செயலி நிறுவத் தேவையில்லை. இதைத் தாத்தா பாட்டிக்கும் சொல்லிக் கொடுங்கள். இவ்வகைக் கோப்பு அவர்களுக்கும் வரும்.

எல்லா ஏமாற்று வேலையிலும் பொதுவாக ஒன்று இருக்கும்: அவசரம். "இன்னும் பத்து நிமிடத்தில் கணக்கு முடங்கும்", "இப்போதே அனுப்பு". அவசரத்தில் நாம் யோசிப்பதில்லை, அதுதான் அவனுக்கு வேண்டும். செய்தி அனுப்பியவரைக் கைப்பேசியில் நேரே அழைத்துக் குரலைக் கேளுங்கள். நமக்கு ஒரு நிமிடம் போகும். அவனுக்கு வேலை கெட்டுப்போகும்.

மூடாத சன்னல்

சில சமயம் நாம் எதையும் தராமலேயே திருடன் உள்ளே வரலாம். மென்பொருளில் பிழை இருந்தால் அது மூடாத சன்னல் போன்றது. பிழையைக் கண்டுபிடித்த நிறுவனம் புதுப்பிப்பை அனுப்பும். நாம் "பிறகு நினைவூட்டு" என்று அழுத்திவிட்டு விளையாடப் போய்விடுவோம்.

2017 மார்ச் 14ஆம் தேதி மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸில் இருந்த ஒரு பிழைக்குத் திருத்தம் வெளியிட்டது. மே 12ஆம் தேதி 'வான்னாக்ரை' என்னும் தீநிரல் அதே பிழையின் வழியாக உலகம் முழுவதும் பரவியது. யாரும் எதையும் அழுத்தாமலேயே, ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. ஏறக்குறைய 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனில் மருத்துவமனைகளின் கணினிகள் முடங்கி, ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சந்திப்புகள் தள்ளிப்போயின.

திருத்தம் வந்து ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதைப் போட்டிருந்த கணினிகளுக்குள் அந்தப் பிழையின் வழியாக அதனால் நுழைய முடியவில்லை. புதுப்பிப்பைத் தானியங்கியாக நடக்கும்படி அமைத்துவிடுங்கள். பாடக் குறிப்புகள், செயல்திட்டக் கோப்புகளின் படி ஒன்றைத் தனியாக ஒரு விரலியிலும் வைத்திருங்கள். அதை எப்போதும் கணினியிலேயே செருகி வைத்திருந்தால் தீநிரல் அதையும் பூட்டிவிடும்.

விளையாட்டு அல்ல, குற்றம்

ஒரு வார்த்தை உங்களில் சிலருக்கு. கணினிக் கூடத்தில் நண்பர் வெளியேற மறந்த கணக்கில் புகுந்து வேடிக்கையாக எதையாவது பதிவிடுவது வழக்கமாகிவிட்டது. அனுமதியின்றி மற்றவர் கணக்கில் நுழைவது, மலேசியாவின் 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி குற்றம். 50,000 ரிங்கிட் வரை அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். திறந்திருக்கும் நண்பரின் கணக்கைப் பார்த்தால் வெளியேற்றிவிட்டு அவரிடம் சொல்லுங்கள். நட்புக்கு அதுதான் அழகு.

பறிபோனால் என்ன செய்வது?

வாட்ஸ்அப் பறிபோனால், உடனே உங்கள் கைப்பேசியில் அதே எண்ணைக் கொண்டு மீண்டும் பதிவு செய்யுங்கள். புதிய எண் உங்கள் சிம் அட்டைக்குத்தான் வரும். அதைத் தட்டியதும் திருடன் வெளியேற்றப்படுவான். அவன் இரகசிய எண் ஒன்றை அமைத்திருந்தால் நீங்கள் கணக்கைத் திரும்பப் பயன்படுத்த 7 நாள் காத்திருக்க நேரலாம். ஆனாலும் அவன் வெளியேதான் இருப்பான்.

அடுத்து, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொலைபேசியில் அழைத்து எச்சரியுங்கள்.

யாராவது பணம் அனுப்பியிருந்தால் அவர்கள் உடனே தங்கள் வங்கியையும், தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 என்ற எண்ணையும் அழைக்க வேண்டும். பிறகு காவல் நிலையத்தில் புகார். திருடப்பட்ட பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே போகும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்கு அதை வழியிலேயே முடக்கும் வாய்ப்பு அதிகம்.

செய்து பார்ப்போம்

1. விநாடிக்கு 1,000 கோடி ஊகம் என்ற வேகத்தில், 10 சிறிய எழுத்துகள் கொண்ட கடவுச்சொல்லை முழுவதும் முயன்று முடிக்க எத்தனை மணி நேரம் ஆகும்? (விடை ஏறக்குறைய 4 மணி நேரம் வர வேண்டும்.)

2. மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லை இன்றே மாற்றி, இரண்டு படிச் சரிபார்ப்பைப் போடுங்கள்.

3. வீட்டில் ஒருவருக்காவது வாட்ஸ்அப் இரகசிய எண் அமைத்துக் கொடுங்கள். அந்த எண்ணை யார் கேட்டாலும் தரக்கூடாது, நீங்கள் கேட்டாலும் தரக்கூடாது என்று சொல்லுங்கள்.

முடிக்கும் முன் என் மாணவிக்குத் திரும்புவோம். அவளுடைய கணக்கு கைவிட்டுப் போனது மாலை ஏழரை மணிக்கு. சித்தி பணம் அனுப்பியது ஒன்பது மணிக்குப் பிறகு. இடையில் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அம்மா அப்போது பக்கத்து அறையில்தான் இருந்தார். ஏச்சு விழும் என்று பயந்து அவள் வாய் திறக்கவில்லை. கணக்கை மீட்டுவிட்டோம். பணம் திரும்பவில்லை.

அடுத்த வாரம் அவளே வகுப்பின் முன் வந்து நின்று நடந்ததைச் சொன்னாள். "நான் ஏமாந்தது ஒரு நிமிஷம். சொல்லாம இருந்ததுதான் ஒன்றரை மணி நேரம்" என்றாள். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அன்று மாலைக்குள் பல மாணவர்கள் தங்கள் கைப்பேசியில் இரண்டாவது பூட்டைப் போட்டிருந்தார்கள்.

ஏமாறுவது முட்டாள்தனம் அல்ல. ஏமாற்றுவதையே தொழிலாக வைத்திருப்பவன் எதிரே இருக்கிறான். ஏமாந்தால் உடனே சொல்லுங்கள். பெற்றோரே, ஆசிரியர்களே, பிள்ளை வந்து சொன்னால் முதலில் தொலைபேசியை எடுங்கள். ஏச்சு நாளைக்கு இருக்கட்டும்.

அடுத்த வாரம் மற்றொரு பாடத்தோடு சந்திப்போம்.